டை கட்டாத எம்.பி.

டோனி கிரிகோரியோட பழைய போட்டோ ஒண்ணு இன்னைக்கு கண்ணுல பட்டுச்சு. கழுத்துல டை இல்ல.

தொகுதியில பல பேருக்கு டை வாங்க வசதியில்லன்னு அயர்லாந்து பார்லிமென்ட்டுக்கே டை கட்டாம போன மனுஷன்.

1979ல டப்ளின் கவுன்சிலர், 1982 பிப்ரவரியில சுயேச்சை எம்.பி. யாருக்கும் மெஜாரிட்டி இல்லாத நேரம், சார்லஸ் ஹாஹி பிரதமராக இவர் ஓட்டு தேவைப்பட்டுச்சு, இவரு மந்திரி பதவியா கேட்டாரு? இல்ல, டப்ளின் நடுநகர ஏழைங்களுக்கு வீடு, வேலை, பள்ளிக்கூடம்னு கேட்டு எழுத்துல கையெழுத்தே வாங்கிட்டாரு!

அந்த வருஷம் நவம்பர்லயே ஆட்சி கவுந்துச்சு, நிறைய விஷயம் நடக்காமலே போச்சு. அதை நினைச்சா இப்பவும் மனசு வலிக்குது.

ஆனா அந்த ஜனங்க அவரை விடவே இல்ல. 2009 ஜனவரியில சாகுற வரைக்கும் அவர்தான் அவங்க எம்.பி.