எஃப்.சி.க்கு அலங்காரம், உப்புக்குக் கொண்டாட்டம்

தூத்துக்குடிப் பக்கம் உப்பு லாரிக்கு என்று தனியாக ஒரு தீபாவளி உண்டு. அது எஃப்.சி.க்கு, அதாவது வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதுதான் என்று சான்று வாங்கும் சோதனைக்கு, முந்தைய நாள். வண்டிக்கு எட்டு வயதாகும் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும், எட்டைத் தாண்டிவிட்டால் வருஷா வருஷம். காலையில் பெயிண்டர் ஒரு கையில் கறுப்பு பெயிண்ட் டின்னும் மறுகையில் நாலு இஞ்ச் பிரஷ்ஷுமாக வண்டிக்கு அடியில் நுழைவார். மத்தியானம் அவர் வெளியே வரும்போது சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் கறுப்பு, ஸ்பிரிங் பட்டை கறுப்பு, அச்சு ஹவுசிங் கறுப்பு, ஹவுசிங் மேல் காய்ந்து கிடந்த சேறும் கறுப்பு. ஏர் ஹோஸ், கிரீஸ் நிப்பிள் எதுவும் தப்பாது. சேஸிஸ் நம்பரும்தான்.

மறுநாள் பிரேக் இன்ஸ்பெக்டர் முதலில் கேட்பதே அந்த நம்பரைத்தான். டிரைவர், கிளீனர், புரோக்கர் மூன்று பேரும் முன் சக்கரத்துப் பக்கம் தலையை நுழைத்துக்கொண்டு பிளேடால் சுரண்டுவார்கள். "ஏழு தெரியுது அண்ணாச்சி!" "அது ஏழு இல்லலே, கீறல்." அவசரத்தில் யாராவது கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தால் பிடுங்கி வைத்துவிடுங்கள். எண் தேய்ந்த வண்டி திருட்டு வண்டி இல்லை என்று நிரூபிக்க ஆகும் அலைச்சல் லேசுப்பட்டதல்ல. பெயிண்ட் ரிமூவரைத் துணியில் நனைத்துப் பத்து நிமிஷம் ஒட்டிவைத்துத் துடைத்தால் எண் முழுசாக வரும். பெயிண்ட் அடிக்கும் முன்பே அந்த இடத்தில் கிரீஸ் தடவி டேப் ஒட்டியிருந்தால் இந்தக் கூத்தே இல்லை.

அந்தக் கறுப்புக்குக் கீழே என்ன நடக்கிறது என்று பார்க்கக் கால் கிலோ சுத்தியல் போதும். சேஸிஸ் சட்டத்தைத் தட்டிக்கொண்டே போங்கள். 'டங்' என்று கேட்டால் நல்ல இரும்பு. 'பொத்' என்று கேட்கும் இடத்தில் உளியை நுழைத்தால் துரு அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து வரும், மேல் பக்கத்தில் மட்டும் நேற்று அடித்த பளபளப்போடு. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால்தான் இரட்டைச் சட்டம் போட்ட சேஸிஸில் இரண்டு தகட்டுக்கும் நடுவே துரு நுழைந்தால் தகடே வளைகிறது, ரிவெட் தலை தெறிக்கிறது. இதற்கு பிரஷ் மருந்தில்லை.

"ஓட்டம் நிறைய, அதான் துரு" என்பது ஷெட்டில் எல்லாரும் சொல்வது. பாதிதான் சரி. அம்பாரத்திலிருந்து அள்ளிய உப்பு முழுக்கக் காய்ந்திருக்காது. நூற்றுக்கு நாலு பங்கு ஈரம் என்று வைத்தாலும் 10 டன் லோடில் 400 கிலோ தண்ணீர். அதில் ஒரு பகுதி வழியெல்லாம் பலகை இடுக்கு வழியாகச் சேஸிஸ் மேல்தான் சொட்டுகிறது. கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பென்றால் இந்தச் சொட்டில் 300 கிராமுக்கு மேல் போகும். ஆனால் இவ்வளவு கெட்டியான உப்புநீரில் ஆக்சிஜன் அதிகம் கரையாது, ஆகவே துரு கொஞ்சம் மெதுவாகத்தான் பிடிக்கும். இரும்பை வேகமாகத் தின்பது அதே உப்பு நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்கு நீர்த்துப்போகும்போது. அதாவது, சீசன் முடிந்து, ஐப்பசியில் முதல் மழை விழும்போது.

அந்த நேரத்தில்தான் ஓனர் திண்ணையில் உட்கார்ந்து, "எதுக்குக் காசு குடுத்து வாட்டர் சர்வீஸ்? மழையே கழுவிடும்லா" என்பார். மழை கழுவும் அண்ணாச்சி, கேபினையும் பாடியையும். பாடியில் கிடக்கும் உப்பைக் கரைத்துக் கீழே சேஸிஸில் இறக்கிவிட்டு நின்றுவிடும். அடியில் இருப்பதைக் கழுவ மழைக்கு வழி இல்லை. வெயில் நாளிலும் ராத்திரி சும்மா விடாது. சுத்தமான உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் கசியும். ஆனால் உப்பளத்து உப்போடு ஒட்டிவரும் மெக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடற்கரை ஊரில் காற்று அவ்வளவு காய்வதே அபூர்வம். வண்டி நின்றாலும் துரு வேலைக்குப் போகிறது என்று அர்த்தம். ஆகவே கழுவுவதில் முக்கியமான நாள், கடைசி லோடு இறக்கிய நாள். ஆயுதபூஜை வரட்டும் என்று தள்ளக்கூடாது.

கழுவுவதிலும் ஒரு தமாஷ் இருக்கிறது. உப்பைக் கழுவ வண்டியை விடும் இடத்தில் போர் தண்ணீர். அதை வாயில் வைக்க முடியாது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் பேனா அளவு டி.டி.எஸ். மீட்டரை வாளியில் முக்கினால் ஆயிரக்கணக்கில் காட்டும். உப்பை உப்பால் அலம்பிவிட்டு ஷாம்பு வாசனையோடு வண்டி வெளியே வரும். சேற்றை இறக்கப் போர் தண்ணீர் பரவாயில்லை. கடைசி அலசலுக்கு மட்டும் 200, 300 லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். பிரஷர் கன்னை ஒரு அடி தள்ளிப் பிடித்து, விசிறி நாசிலில் அடிக்க வேண்டும். ஹப் சீல், ஜாயிண்ட் கிராஸ், ஒயர் கப்ளர் மேல் நேராக அடித்தால் உப்பு உள்ளே போகும், கிரீஸ் வெளியே வரும். சட்டத்தின் கீழ் விளிம்பு உள்பக்கம், டேங்க் பெல்ட்டுக்கு அடி, பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே வைக்கும் மரக்கட்டை, இந்த மூன்று இடங்களில் அழுத்தத்தைவிட நேரம்தான் வேலை செய்யும். சாதாரண ஹோஸை வைத்து ஊறவிட்டுத்தான் உப்பை எடுக்க முடியும்.

போய்விட்டதா என்று விரலை நக்கிப் பார்க்கும் நிபுணர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், அது டீசலும் கலந்த ருசி. 100 மில்லி ஆர்.ஓ. தண்ணீரை மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். புதுப் பஞ்சை அதில் நனைத்து, அரை அடிக்கு அரை அடி இடத்தை நன்றாகத் துடைத்து, திரும்ப அதே தண்ணீரில் பிழிந்து மீட்டரை வையுங்கள். முதலில் காட்டியதைவிட 5-க்கு மேல் கூடியிருந்தால் இன்னொரு தடவை கழுவ வேண்டும். பெயிண்ட் டப்பாவை அதுவரை திறக்காதீர்கள்.

அடுத்து, பழைய ஆயில். இஞ்சினில் வடித்த கறுப்பு ஆயிலை ஸ்பிரே கன்னில் ஊற்றி அடியெல்லாம் அடிப்பது நம் ஊர் மரபு. செலவில்லை, பார்க்கவும் மினுக்கும். நாலு நாளில் உப்புத்தூசியும் செம்மண்ணும் அதில் ஒட்டி ஒரு பசை ஆகும், ஈரம் அதற்குள் குடியிருக்கும். பட்டை புஷ்ஷின் ரப்பர் ஊதும். டிரம்முக்குள் போய் லைனரில் பட்டால் பிரேக் மிதிக்கிற இடத்தில் வண்டி நிற்காது. போதாக்குறைக்கு அது அபாயக் கழிவு, மண்ணில் சொட்டவிடக் கூடாது.

சரியாகச் செய்ய நினைத்தால் மூன்று நாள் வண்டியை நிறுத்த மனசு வேண்டும். முதல் நாள் எண்ணெய்ப் பிசுக்கை டிகிரீசரால் எடுத்து, கழுவிக் காயவிடுவது. பிசுக்கு இருக்கும்போதே கம்பி பிரஷ் போட்டால் அதையே எல்லா இடத்துக்கும் தேய்த்துப் பரப்புவோம். பிறகு சிப்பிங் சுத்தியல், கிரைண்டரில் கப் பிரஷ். எட்டாத குழிகளில் மட்டும் பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு மாற்றி தடவலாம். கையுறையும் கண்ணாடியும் வேண்டும். டப்பாவில் சொன்ன நேரம் கழித்து அதையும் அலசிவிட வேண்டும்.

பிரைமர் என்றதும் கடைக்காரர் ரெட் ஆக்சைடை நீட்டுவார். வீட்டு ஜன்னல் கம்பிக்கு அது போதும், உப்பு லாரிக்குத் தாங்காது. ஜிங்க் பாஸ்பேட் எபாக்சி, இரண்டு டப்பாவாக வரும், அதை வாங்குங்கள். முதலில் விளிம்பு, வெல்டிங், போல்ட் தலை எல்லாவற்றுக்கும் சின்ன பிரஷ்ஷால் ஒரு கோட். பெயிண்ட் காயும்போது கூர் விளிம்பை விட்டு ஒதுங்கும், துரு தொடங்குவதும் அங்கேதான். அப்புறம் மொத்தமாக இரண்டு கோட். காய்ந்தபின் கோட்டுக்கு 75 மைக்ரான் என்றால், பாதி திடப்பொருள் உள்ள பெயிண்ட்டை ஈரமாக 150 மைக்ரான் போட வேண்டும். ஆறு சக்கர வண்டியின் சட்டம், கிராஸ் மெம்பர் என்கிற குறுக்குச் சட்டம் எல்லாம் சேர்த்து 20 சதுர மீட்டருக்குக் குறையாது, ஒரு கோட்டுக்கு நாலைந்து லிட்டர் பிடிக்கும். நேரம், காலை 10 முதல் 3 மணி வரை. விடிகாலையில் சேஸிஸ் பனியில் வியர்த்திருக்கும், அதன்மேல் அடித்தால் ஒட்டாது. மொத்தமாகக் கலந்து வைத்துவிட்டுப் பெயிண்டர் டீக்குப் போனால், திரும்பி வரும்போது கலக்கிய குச்சி டின்னோடு சேர்ந்து நிற்கும். நம் வெயிலில் ஒரு லிட்டர் ஒரு லிட்டராகக் கலப்பதே நல்லது.

பெட்டி மாதிரி மூடிய கிராஸ் மெம்பருக்குள் பெயிண்ட் போகாது. வடிகால் ஓட்டையைக் கம்பியால் குத்தித் திறந்துவிட்டு, மெழுகு ஸ்பிரேயை நீள டியூபால் உள்ளே அடியுங்கள், வருஷம் ஒருமுறை. பட்டை இடுக்கில் பெயிண்ட் விடாமல் கிராஃபைட் கிரீஸ் போடுங்கள். பின் பிரேக் சேம்பர் துருப்பிடித்திருந்தால் சுத்தியலே வேண்டாம். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அழுத்தி வைத்த நிலையில் இருக்கிறது, கிளாம்ப் விட்டுப்போனால் ஆளைக் கொல்லும். அப்படியே மாற்றிவிடுவது.

கடைசியாக எர்த், அதாவது கரண்ட் சேஸிஸ் வழியாக பேட்டரிக்குத் திரும்பும் பாதை. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மினுக்கும், ஹெட்லைட் போட்டால் பின்லைட் அணையும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். எலக்ட்ரீஷியன் பல்பு மாற்றுவார், பிளாஷர் மாற்றுவார், சுவிட்ச் மாற்றுவார், கடைசியில் "ஒயரிங் முழுக்க மாத்தணும்" என்பார். லைட்டைப் போட்டுவிட்டு, பின்லைட் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி சேஸிஸில் இருக்கும் அந்த ஒரு எர்த் போல்ட். உப்புக் களிம்பைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிய வைத்து, நட்சத்திர வாஷர் போட்டு முறுக்கி, அதன்பிறகு மேலே வாசலைன் தடவுங்கள். எஃப்.சி. பெயிண்டர் வரும் நாளில் அந்த போல்ட்டுக்கும் சேர்த்து டேப் ஒட்டிவிடுங்கள்.