மூன்று மணி நேர ஓட்டத்துக்கு வீட்டில் எங்கே இடம்?

ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் நாளுக்கு 180 நிமிடமாவது உடலை அசைத்து விளையாட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. கேட்டதும் நம்மில் பலர் நீச்சல் வகுப்புக்கும் ஜிம்னாஸ்டிக்ஸுக்கும் பணம் கட்டக் கிளம்பிவிடுகிறோம். வகுப்பு நல்லதுதான், ஆனால் அந்த 180 நிமிடம் ஒரே மூச்சில் வர வேண்டியதில்லை. காலையிலிருந்து இரவு வரை நடந்தது, ஏறியது, குதித்தது, தவழ்ந்தது எல்லாமே கணக்கில் சேரும். மூன்று, நான்கு வயதானால் அதில் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓட வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் நான் முதலில் சொல்வது, வரவேற்பறையின் நடுவில் கிடக்கும் மேசையைச் சுவரோரம் தள்ளுங்கள். சிங்கப்பூரில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் பிள்ளைக்குக் கிடைக்கும் மைதானம் அதுதான். தரையில் டேப் ஒட்டிப் பாண்டிக் கட்டம் போடலாம், நொண்டி அடிக்கும்போது கால் வலுவும் நிதானமும் தானாக வரும். கீழ்வீட்டுக்காரருக்குச் சத்தம் கேட்குமே என்றால் அடியில் ஒரு பாய் விரித்து, குதிப்பதைப் பகலிலேயே முடித்துவிடுங்கள். நாற்காலி, சோபா எதையும் ஜன்னலோரம் போடாதீர்கள், கம்பி போட்டிருந்தாலும் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறக் கற்ற பிள்ளை எதில் வேண்டுமானாலும் ஏறும்.

அப்புறம் வீட்டு வேலை. துணி காயப்போடும்போது கிளிப் எடுத்துக் கொடுக்க, வெங்காயம் கொண்டுவர, கூட்டிப் பெருக்க மூன்று வயதுக்கு அத்தனை ஆசை. நாம்தான் நேரமாகிறது என்று தடுத்து, கையில் போனைக் கொடுத்து உட்கார வைக்கிறோம். போன் காட்டினால்தான் சாப்பிடுவான் என்று தாத்தா பாட்டி சொல்லும்போது எனக்கு மனது கனத்துப்போகும். சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு 2025இல் வெளியிட்ட வழிகாட்டி, 18 மாதம் வரை திரையே வேண்டாம், அதன்பின் ஆறு வயது வரை பள்ளிக்கு வெளியே நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்கிறது. சாப்பாட்டு நேரத்தில் கூடவே கூடாது. தஞ்சாவூரில் இருக்கும் அம்மாச்சியோடு வீடியோவில் பேசுவதற்கு மட்டும் தடையில்லை, அதைத் தாராளமாகச் செய்யுங்கள்.

ஆனால் வீட்டுக்குள் எவ்வளவு ஓடினாலும் ஒன்று கிடைக்காது, பகல் வெளிச்சம். சிங்கப்பூர்ப் பிள்ளைகளிடம் கிட்டப்பார்வை எவ்வளவு அதிகம் என்று எந்தத் தொடக்கப்பள்ளி வகுப்பை எட்டிப் பார்த்தாலும் தெரியும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள், வீட்டு விளக்கு சில நூறு லக்ஸ்தான், மேகம் மூடிய நாளில்கூட வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். அந்த வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தூண்டி, கிட்டப்பார்வைக்குக் காரணமான கண் நீண்டுபோவதைத் தடுக்கிறது என்றுதான் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நமக்கு ஆண்டு முழுக்க ஏழு மணி வாக்கில்தான் இருட்டுகிறது, இது பெரிய வரம். பாலர் பள்ளியிலிருந்து ஆறு மணிக்கு அழைத்து வருகிறீர்களா, லிஃப்டில் ஏறாதீர்கள், பையோடு நேராக விளையாட்டுத் திடலுக்குப் போங்கள். மேலே போய்விட்டால் திரும்பக் கீழே இறங்குவது நடக்காத காரியம். வாரக் கடைசியில் தாவரவியல் பூங்காவில் உள்ள ஜேக்கப் பாலாஸ் சிறுவர் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள், கட்டணம் கிடையாது.

ஓடி வந்தவுடன் தண்ணீர் கொடுங்கள். பாக்கெட் பானம்தான் என்று அடம்பிடித்தால் சர்க்கரை, கொழுப்பு அளவுக்கேற்ப ஏ முதல் டி வரை தரம் காட்டும் நியூட்ரி-கிரேட் எழுத்தைப் பாருங்கள், சி, டி என்றிருந்தால் அலமாரியிலேயே விட்டுவிடலாம்.

கை, கால், வாய்ப்புண் நோய் வந்து பிள்ளை வீட்டில் இருக்கும் நாட்களில் மட்டும் திடலுக்குக் கூட்டிப் போகாதீர்கள், காய்ச்சல் விட்டுத் துள்ளினாலும் சரி, மற்றப் பிள்ளைகளுக்குத் தொற்றும். அந்த நாட்களுக்குத்தான் பாண்டிக் கட்டம் இருக்கிறது. அரிசி நிரப்பித் தைத்த ஐந்தாங்கல் பைகளும் கைகொடுக்கும், பிடித்து விளையாடத் தெரியாத வயது என்றால் கூடைக்குள் எறியச் சொல்லுங்கள்.