பொதுக்காட்டில் மான் தடம்: அமெரிக்காவின் வடக்கு விஸ்கான்சின் நாட்குறிப்பு, 2024

ஏப்ரல் 20, சனி

துப்பாக்கி வேட்டைக்கு ஏழு மாதம் இருக்கிறது. இடம் தேட இதைவிட நல்ல சமயம் வராது. பனி உருகி, இலை துளிர்க்காத இந்தச் சில வாரங்களில் போன நவம்பரின் தடயங்கள் அப்படியே கண்ணில் படும்: கொம்பு தேய்த்துப் பட்டை உரிந்த மரங்கள், குளம்பால் கீறிய மண், அதற்கு நேர் மேலே மான் முகர்ந்து முறித்த கிளை நுனி. பட்டை உரிந்த மரங்களை ஒவ்வொன்றாக ஜிபிஎஸ்ஸில் குறித்தால் ஆண் மான் நடக்கும் வழி கோடாகவே விழும். இப்போது மான் கலைந்து ஓடினாலும் நட்டமில்லை. நவம்பருக்குள் திரும்பிவிடும்.

ஜூலை 13, சனி

வரைபட வேலை. ஷெவாமெகன்-நிக்கலே தேசியக் காடு மட்டுமே சுமார் 15 லட்சம் ஏக்கர். கவுண்டிக் (மாவட்டம் போன்ற பிரிவு) காடுகள் தனி. புதியவர்கள் பச்சையாகத் தெரியும் இடத்திலெல்லாம் நடந்து களைத்துப்போகிறார்கள். முதிர்ந்த மரங்கள் மட்டும் நிற்கும் காட்டில் தரையில் வெயில் விழாது, மானுக்கு எட்டும் உயரத்தில் தீனியும் குறைவு. செயற்கைக்கோள் படத்தில் தேட வேண்டியது, ஒட்ட வெட்டி 3 முதல் 10 ஆண்டுகள் ஆன ஆஸ்பென் மரக் காட்டுத் துண்டு. அதன் பக்கத்தில் ஊசியிலைச் சதுப்பு இருந்தால் தீனியும் படுக்கையும் அடுத்தடுத்து அமைந்துவிடும். இரண்டுக்கும் நடுவே காடு குறுகும் இடத்தை, சம உயரக் கோடுகளில் மேடு தாழும் இடத்தை, முதலில் போய்ப் பாருங்கள்.

அடுத்து, வண்டி நிறுத்துமிடங்களைக் குறியுங்கள். பெரும்பாலோர் சாலையிலிருந்து அரை மைலைத் தாண்டுவதில்லை. அதற்காக 3 மைல் உள்ளே போக வேண்டியதும் இல்லை. குடல் நீக்கிய ஆண் மானே 60, 70 கிலோ தேறும், அதை இழுத்து வர வேண்டும். முழங்கால் பூட்ஸ் இல்லாமல் கடக்க முடியாத ஓடைக்கு அப்பால், சாலையிலிருந்து 300 கஜத்திலேயே, ஆள் மிதிக்காத மேட்டுத்திட்டு கிடைக்கும்.

செப்டம்பர் 14, சனி

வில் வேட்டை தொடங்கிவிட்டது. ஓக் கொட்டை விழும் மரங்களைப் பாருங்கள். வெள்ளை ஓக்கில் துவர்ப்பு குறைவு, மான் அதைத்தான் முதலில் தின்னும். வடக்கே அதிகம் இருப்பது சிவப்பு ஓக்; அதன் கொட்டை பருவத்தின் பிற்பகுதி வரை கிடக்கும். ஈரப் புழுக்கை இருந்தால் மான் இப்போதும் அந்த மரத்துக்கு வருகிறது. காய்ந்த புழுக்கை மட்டும் கிடந்தால் அடுத்த மரத்துக்கு நகருங்கள்.

அக்டோபர் 19, சனி

காற்று. நல்ல இடங்கள் பெரும்பாலும் கெடுவது இதனால்தான். எருக்கம் பஞ்சைப் போலப் பறக்கும் மில்க்வீட் பஞ்சை (அதுவும் எருக்கின் உறவுச் செடிதான்) ஒரு கொத்து பையில் வையுங்கள். உட்காரும் இடத்தில் ஓர் இழையை விட்டு, 50 கஜம் வரை எங்கே போகிறது என்று பாருங்கள். சரிவுகளில் வெயில் ஏறியதும் காற்று மேலே போகும், மாலையில் கீழே வடியும். அதனால் காலையில் மான் வரும் தடத்துக்கு மேலே, மாலையில் கீழே உட்காருங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் எந்தக் காற்றுக்கு உதவும் என்று குறிப்பெழுதுங்கள். காற்று தவறாக இருக்கும் நாளில் அங்கே போகவே கூடாது. உள்ளே போகும் வழியும் படுக்கைக்குக் காற்று வரும் பக்கமாகச் சுற்றிப் போனால், உங்கள் வாடை முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

நவம்பர் 9, சனி

இணைசேரும் பருவம். ஆண் மான் பகலிலும் அலையும். பெண் மான் படுக்கைகளிலிருந்து காற்று வீசிப் போகும் பக்கத்தில் உள்ள குறுகலில் நாள் முழுக்க உட்காரலாம்.

நவம்பர் 23, சனி

துப்பாக்கிப் பருவத்தின் முதல் நாள், காட்டில் எல்லா மூலையிலும் ஆள். விடியலுக்கு ஒரு மணி முன்பே உட்கார்ந்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் மற்றவர்கள் குளிர் தாங்காமல் எழுந்து நடப்பார்கள். மான் சதுப்பை நோக்கி நகரும். ஜூலையில் வரைபடத்தில் பார்த்த குறுகல் அந்த நேரத்துக்குத்தான், ஆகவே சோற்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

இடுப்புக்கு மேல் வெளியுடையில் பாதியாவது ஒளிரும் ஆரஞ்சோ இளஞ்சிவப்போ இருக்க வேண்டும். தேசியக் காட்டுச் சாலையில் நின்றோ சாலைக்குக் குறுக்கேயோ சுடக் கூடாது. வீடு, முகாமிலிருந்து 150 கஜம் விலகியிருக்க வேண்டும். கொம்பில்லாத மானுக்கு வாங்கும் அனுமதிச் சீட்டில் கவுண்டியும் பொதுநிலமா தனியார் நிலமா என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். தனியார் நிலச் சீட்டு இங்கே செல்லாது. மான் கிடைத்தால் மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிவு செய்யுங்கள். 2002 முதல் இம்மாநில மான்களில் சிடபிள்யூடி (மூளையைத் தாக்கி மானைக் கொல்லும்) நோய் உண்டு. தலையை மாநில இயற்கை வளத் துறையின் இலவசச் சோதனைப் பெட்டியில் போட்டுவிட்டு, முடிவு வரும்வரை இறைச்சியை உறைபெட்டியில் தனியாக வையுங்கள்.