இறுதி ஊர்வலத்தில் போன நாலு மார்க்

மத்திய அரசு வேலைக்கான சிஜிஎல் தேர்வின் ரிசல்ட் வந்து மூன்று நாள் ஆகிறது. என் ரோல் நம்பர் இருக்கிறது. ஆனாலும் தினமும் காலையில் அந்தப் பி.டி.எஃப்பைத் திறந்து ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். போன முறை டயர் டூவில், அதாவது இரண்டாம் கட்டத் தேர்வில், மூன்றரை மதிப்பெண்ணில் வெளியே போனவன் நான். கணக்கில் விட்டாயா என்று எல்லோரும் கேட்டார்கள். இல்லை, ஒரு இங்கிலீஷ் வார்த்தையில்.

'ஃபியூனரல் ப்ரொசஷன்' என்பதற்கு ஒரே சொல் கேட்டிருந்தார்கள். ஆப்ஷனில் கேவல்கேட், ஹியர்ஸ், கோர்டெஜ் மூன்றும் இருந்தன. நான் கேவல்கேட் போட்டேன். விடை கோர்டெஜ். சரியென்றால் 3, தப்பென்றால் 1 போகும். ஆக, அந்த ஒரு கிளிக்கின் விலை நாலு மார்க்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். ப்ரொசஷன் - ஊர்வலம். கேவல்கேட் - ஊர்வலம். கோர்டெஜ் - ஊர்வலம். என் கையெழுத்துதான். இப்படி எழுதி வைத்துக்கொண்டு தினமும் ஐம்பது வார்த்தை மனப்பாடம் செய்தேன் என்று பீற்றிக்கொண்டிருந்தேன். (என் அறை நண்பன் கோர்டெஜைக் காட்டேஜின் தம்பி என்று நினைத்துத் தாண்டிவிட்டானாம். அவன் எவ்வளவோ பரவாயில்லை, மைனஸாவது இல்லை.)

இரண்டாவது முறை அந்த நோட்டைத் தூக்கிப் போட்டேன். கோட்டூர்புரம் நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதியில் தனியாக உட்கார்ந்தேன். குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவராது. உங்களுக்கு வந்தால் சந்தோஷம். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூன்று கேள்வி: யார் போகிறார்கள், எதில் போகிறார்கள், எதற்குப் போகிறார்கள்? பதிலாக ஒரு சென்னைத் தெரு.

- ப்ரொசஷன்: மயிலாப்பூர் அறுபத்துமூவர். பங்குனித் திருவிழாவின் எட்டாம் நாள், வரிசையாக, முறையாக. பொதுச்சொல், எதற்கும் பொருந்தும்.
- கேவல்கேட்: குதிரைமேல் போகும் ஊர்வலம். லத்தீனில் குதிரைக்குக் 'கபல்லுஸ்' என்று பெயர். கபாலி என்று நினைத்துக்கொள்ளுங்கள், மறக்காது. இப்போது வண்டி வரிசைக்கும் சொல்கிறார்கள்.
- மோட்டர்கேட்: கார்களின் ஊர்வலம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கேவல்கேடின் வாலை வெட்டி மோட்டாரில் ஒட்டியது.
- கான்வாய்: நம் ஊர்ச் செய்தியில் முதல்வரின் கார்கள். உள்ளே இருக்கும் கருத்து பாதுகாப்பு. போர்க்கப்பல் துணையோடு போகும் சரக்குக் கப்பல்களும் இதுதான்.

கோர்டெஜைப் பட்டியலில் சேர்க்கவில்லை, அது தனி. ஒருநாள் ராயப்பேட்டையில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் சாவு மேளம். மாலையைப் பிய்த்துப் பிய்த்து ரோட்டில் போட்டுக்கொண்டே போகிறார்கள். என் பக்கத்து சீட் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். அப்போதுதான் உறைத்தது: பூ ஜோடித்த அந்த வண்டி ஹியர்ஸ், வண்டியோடு நடக்கும் மொத்தக் கூட்டமும் கோர்டெஜ். இறங்கும்போது செருப்பில் ஒரு சாமந்தி இதழ் ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகு அந்த வார்த்தையை நான் படிக்கவே இல்லை.

ஆனால் மேளமும் வெடியுமாகப் போகும் ஊர்வலத்தைவிட அமைதியான, அரசு மரியாதையோடு போகும் ஊர்வலத்துக்குத்தான் இங்கிலீஷில் அதை அதிகம் எழுதுவார்கள். 2018 ஆகஸ்டில் ராஜாஜி ஹாலிலிருந்து மெரினாவுக்குக் கலைஞரின் உடல் பீரங்கி வண்டியில் போனதே, அந்த மாதிரி. மூலம் இத்தாலிய மொழியில் அரசவையைக் குறிக்கும் 'கோர்த்தே'. ராஜாவின் பின்னால் போகிற பரிவாரம் என்ற பொருளும் அதனால் உண்டு. எழுத்து சி, ஓ, ஆர், டி, இ, ஜி, இ. கடைசி 'ஜி'யை ஜ-வுக்கும் ஷ-வுக்கும் நடுவில் சொல்ல வேண்டும்.

அப்புறம், இன்னும் சில:

- மாக் டெஸ்டில் தப்பான ஆப்ஷன் மூன்றுக்கும் பொருள் பாருங்கள்.
- ஒரே தமிழ்ச் சொல் நோட்டில் இரண்டாவது முறை வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.
- கணக்குக்கு என்னிடம் கேட்காதீர்கள்.

இந்த முறை ஊர்வலம் வரவே இல்லை. 'ரெட்டினியூ' வந்தது. அமைச்சர் கோயிலுக்கு வந்தால் பின்னாலேயே பத்துப் பேர் வருவார்களே, அவர்கள். நாலு நொடியில் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.