ஆறக்கூடாத புண்

“புண் அருமையாக ஆறியிருக்கிறது” என்று பொதுப்பிரிவு மருத்துவர் சொன்னதும், நானும் அப்பாவும் வெளியே வந்து ஆளுக்கொரு ஜிகர்தண்டா குடித்தோம். அதை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது.

அப்பாவின் இடக்கண்ணில் கிளாக்கோமாவுக்காக (கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய்) டிராபெகுலெக்டமி என்ற அறுவை செய்து அப்போது மூன்று வாரம் ஆகியிருந்தது. வீடு காரைக்குடியில், மருத்துவமனை மதுரையில். அறுவையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 34 இருந்த கண் அழுத்தம் முதல் வாரப் பரிசோதனையில் 11. “பார்வை தெளிந்துவிட்டதா?” என்று கேட்டு வந்த சொந்தக்காரர்களிடம், போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றத்தான் இது என்று சொல்லிச் சொல்லியே எனக்கு அலுத்துவிட்டது.

கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேற, வெண்விழியில் கதவுபோல் ஓர் ஏடு எடுத்து, அடியில் சின்ன வாசல் வெட்டி, ஏட்டைத் தளர்வாகத் தைத்துவிடுகிறார்கள். நீர் கசிந்து மேலிமைக்கு அடியில் சிறு கொப்புளமாக நிற்கும். ஆனால் உடம்புக்கு அது வாசல் என்று தெரியுமா? காயம் என்று நினைத்துத் தழும்புத் திசுவை வளர்த்து அடைக்கப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் அறுவையின்போதே மைட்டோமைசின் என்ற மருந்தில் நனைத்த பஞ்சைச் சில நிமிடம் அங்கே வைக்கிறார்கள். பிறகு வாரக்கணக்கில் ஸ்டீராய்டு சொட்டு. மேல்தோல் ஒட்ட வேண்டும், உள்ளே இருக்கும் வாசல் ஒட்டக் கூடாது. இந்த ஒரு வரியை டிஸ்சார்ஜ் கவுன்டரில் யாராவது சொல்லியிருக்கலாம். “இரண்டு மணிக்கொருமுறை விடுங்கள், தலைக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள், குனியாதீர்கள்” என்பதோடு முடித்துக்கொண்டார்கள்.

இரண்டு மணிக்கொரு சொட்டு என்றால் 5 மில்லி புட்டி இரண்டு வாரம்கூடத் தாங்காது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தீர்ந்தது. எங்கள் தெருமுனை மருந்துக்கடைப் பையன் சீட்டைப் பார்த்துவிட்டு அதே பெயரில் ஒரு புட்டி கொடுத்தான். பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்க வேண்டிய ஓர் ஆங்கில எழுத்து மட்டும் அதில் இல்லை. அந்த எழுத்துதான் ஸ்டீராய்டு. அது இல்லாத புட்டியில் வெறும் கிருமிக்கொல்லி. பழைய மருந்து பால்போல் வெளுத்திருக்கும், குலுக்கித்தான் விட வேண்டும். புதியது தெளிந்த தண்ணீர். வித்தியாசம் என் கண்ணில் படாமல் இல்லை. புதுச் சரக்கு என்று நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டு நாள் விட்டோம்.

கண்ணில் வலி இல்லை, சிவப்பும் பெரிதாக இல்லை, லேசான மங்கல் மட்டும். தொலைபேசியில் கேட்டபோது “எந்த நாளும் வரலாம்” என்றார்கள். புதன்கிழமை விடியற்காலை பஸ் பிடித்துப் போனால், “கிளாக்கோமா பிரிவு செவ்வாயும் வெள்ளியும்தான், உங்களுக்குத் தெரியாதா?” என்றார் டோக்கன் கொடுப்பவர். கெஞ்சியதில் பொதுப்பிரிவுக்குச் சீட்டு கிடைத்தது. அங்கே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னதுதான் அந்த முதல் வரி. அழுத்தம் அளக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மங்கல் தெளியாததால் வெள்ளிக்கிழமை மறுபடி போனோம். அழுத்தம் 27. “கொப்புளம் தட்டையாகிவிட்டது, மேலே ரத்த நாளங்கள் சுருண்டு கிடக்கின்றன” என்றார் கிளாக்கோமா மருத்துவர்.

“நன்றாக ஆறிவிட்டது என்றார்களே, டாக்டர்?”

“ஆறிவிட்டதுதான் அம்மா பிரச்சினை. என்ன மருந்து விடுகிறீர்கள்?”

சீட்டை நீட்டினேன். அவர் சீட்டைத் தள்ளிவிட்டுப் புட்டியைக் கேட்டார். நல்ல வேளை, பையில் இருந்தது. விளக்குக்கு நேராகப் பிடித்து ஒருமுறை ஆட்டினார். அவர் ஒன்றும் சொல்வதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

அந்த ஏட்டைப் பிடித்திருந்த ஒரு தையலை அன்றே லேசரில் வெட்டி, வாசலைத் தளர்த்தினார்கள். அப்பாவின் தலையைப் பின்னால் இருந்து நான்தான் பிடித்துக்கொண்டேன். இமையை விலக்கி ஒரு கண்ணாடியை வைத்து அழுத்தினார்கள், சில நொடிதான். அழுத்தம் 15-க்கு இறங்கியது. தழும்பைத் தடுக்க 5-ஃப்ளூரோயூராசில் ஊசியும் எழுதினார்கள். மருந்து கவுன்டரில் இருந்தவர் சீட்டைப் படித்துவிட்டு, வரிசை முழுவதும் கேட்கும்படி, “கேன்சர் யாருக்கு?” என்றார். அப்பா என் கையை இறுகப் பிடித்தார். புற்றுநோய்க்கான மருந்துதான், மைட்டோமைசினும் அப்படித்தான். செல்கள் பெருகுவதைத் தடுப்பதால் இங்கேயும் பயன்படுகிறது என்று அப்பாவுக்குப் புரியவைக்க அரைமணி நேரம் ஆயிற்று. மறுவாரம் இன்னொரு தையல். இப்போது நான்கு மாதம் ஆகிறது, 12-இல் நிற்கிறது.

இந்த அறுவைக்குப் போகிறவர்கள், யார் கண்ணைப் பார்த்து என்ன சொன்னாலும், அழுத்தம் எத்தனை என்று எண்ணைக் கேளுங்கள். எண் சொல்லாமல் அனுப்பினால் எழுந்திருக்காதீர்கள். முதல் மூன்று மாதம் எந்த நாள் எந்தப் பிரிவு என்பதை எழுதி வாங்குங்கள். மறு கண்ணுக்கான பழைய சொட்டை நிறுத்தச் சொன்னார்களா, தொடரச் சொன்னார்களா என்று தனியாகக் கேளுங்கள். நாங்கள் இரண்டு கண்ணுக்குமான பழைய சொட்டை நிறுத்தி ஒரு வாரம் போக்கினோம், அது தனி வசவு. ஆண்டுகள் கழித்தும் அந்தக் கண் சிவந்தாலோ பீளை கட்டினாலோ அன்றே ஓட வேண்டுமாம். கொப்புளத்தின் மெல்லிய தோல் வழியே கிருமி உள்ளே போனால் பார்வையே போகும்.

மருந்துக்கடைப் பையனைத் திட்ட வேண்டும் என்று மனத்தில் நிறைய வைத்திருந்தேன். அப்பா விடவில்லை. அவர் இப்போது எந்தப் புட்டியானாலும் முதலில் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் குலுக்கிப் பார்த்து, அட்டையில் உள்ள பெயரை எழுத்தெழுத்தாக என்னைப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் அண்ணாந்து படுக்கிறார்.