கையெழுத்து வாங்கக் கொண்டுபோன புத்தகம்

டிஸ்க்வேர்ல்ட் என்ற கற்பனை உலகத்தை வைத்து நாவல்கள் எழுதிய ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட், அவருடைய வாசகர்கள் கூடும் மான்செஸ்டர் மாநாட்டுக்கு வரப்போவதில்லை என்று 2014 ஜூலையில் அறிவித்தார்கள். மூளையைத் தின்னும் நோய் தனக்கு வந்திருப்பதை 2007 டிசம்பரிலேயே அவர் வெளியே சொல்லியிருந்தார். அதற்குப் பிறகும் எழுதிக்கொண்டேதான் இருந்தார். விரல்கள் ஒத்துழைக்காதபோது வாயால் சொல்லி எழுத வைத்தார். அப்படிப்பட்டவரே நோய் தன்னைப் பிடித்துவிட்டதாகச் சொன்ன பிறகு நாம் என்ன பேச முடியும்? கையெழுத்து வாங்குவதற்காகவே எடுத்துவைத்திருந்த பழைய பிரதியை மடியில் வைத்துக்கொண்டு அன்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். "போய்த்தான் ஆக வேண்டும், அக்கா" என்றான் தம்பி. அவன் அதுவரை டிஸ்க்வேர்ல்ட் நாவலில் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை.

இந்த மாநாட்டுக்கு உறுப்பினராகச் சேர வேண்டும். நான் விழித்துக்கொள்வதற்குள் இடங்கள் முடிந்துவிட்டன. வர முடியாமல் போன இருவரின் இடங்களை எனக்குத் தெரிந்த பெண் ஒருவர் மூலம் வாங்கினேன். பெயர் மாற்றத்தை அமைப்பாளர்களுக்கு அந்த இருவரே எழுதித் தெரிவிக்க வேண்டும். "எல்லாம் முடிந்துவிட்டது" என்று அந்தப் பெண் சொன்னதை நம்பி பணத்தையும் கொடுத்துவிட்டேன். கிளம்புவதற்கு ஆறு நாள் இருக்கும்போதுதான் யாரும் எதுவும் எழுதவில்லை என்று தெரிந்தது. அந்த இருவரோ விடுமுறைக்குப் போய், தொலைபேசியை எடுக்காமல் இருந்தார்கள். மூன்று நாள் விடாமல் அழைத்து அந்த ஒரு மின்னஞ்சலை வாங்கினேன். உங்கள் பெயரிலேயே உறுதிக்கடிதம் கைக்கு வரும்வரை யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

ரயிலில் சிரமம் ஒன்றுமில்லை. மாநாட்டு ஓட்டலில் இடம் கிடைக்காததால் சற்றுத் தள்ளி ஒரு விடுதியில் அறை போட்டிருந்தேன். வரவேற்பில் இருந்தவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "உங்கள் பதிவு அடுத்த மாதத்துக்கு" என்றார். நான் பதிந்தது ஆகஸ்டுக்குத்தான். ஆனால் அதைக் காட்டக் கையில் காகிதம் இல்லை, கைபேசியிலும் சார்ஜ் இல்லை. "காகிதம் இருந்தால் பார்க்கலாம்" என்பதையே நான்கு முறை சொன்னார். தம்பி சுவரோரமாக ஒரு பிளக்கைக் கண்டுபிடித்து, தரையில் உட்கார்ந்து கைபேசிக்கு உயிர் கொடுத்தான். மின்னஞ்சலைக் காட்டியதும் மறுபேச்சில்லாமல் சாவி வந்தது, மன்னிப்பு மட்டும் வரவில்லை. இதில் ஒன்றரை மணி நேரம் போய், தொடக்க விழாவும் கைநழுவிப் போனது. பதிவுச் சீட்டை அச்செடுத்துக்கொண்டு போங்கள்.

மாநாட்டு மேசையில் இரண்டே நிமிடத்தில் அடையாள அட்டை கிடைத்தது.

மாநாட்டுக்கு நான் போட்ட வேடம், டிஸ்க்வேர்ல்ட் கதைகளில் வரும் கிரானி வெதர்வாக்ஸ். அந்தச் சூனியக்காரி தன் மனத்தை வேறு உயிர்களுக்குள் அனுப்பும்போது உடல் பிணம்போலக் கிடக்கும். யாரும் புதைத்துவிடக் கூடாது என்று, தான் சாகவில்லை என எழுதிய அட்டையைக் கையில் பிடித்திருப்பாள். பழுப்பு அட்டையில் கரிக்கோலால், அவளுடைய எழுத்துப் பிழையோடு, அதை எழுதி வைத்திருந்தேன். பிராட்செட் வரவில்லை என்று தெரிந்த பிறகு அதைத் தூக்கிக்கொண்டு நடக்கக் கை கூசியது. மாடிப்படி அருகே நூலகர் வேடத்தில் ஒருவர் எதிரே வந்தார். கதையில் நூலகர் ஒரு ஒராங்குட்டான், 'ஊக்' என்பதைத் தவிர வேறு சொல் அவர் வாயில் அநேகமாக வராது. அட்டையைப் படித்தார். செம்பட்டை மயிர் ஒட்டிய கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் விரலால் அதன் ஓரத்தைத் தொட்டார். "ஊக்" என்றார். குரல் உடைந்திருந்தது. அட்டையை மறைத்துவைக்கும் எண்ணம் அதோடு போயிற்று.

பிராட்செட் அக்கறை கொண்டிருந்த ஒராங்குட்டான் பாதுகாப்புக்கு நிதி திரட்டும் ஏலம்தான் தம்பியை முழுதாக இழுத்துக்கொண்டது. எதையும் வாங்காமலே தொண்டை கட்டும் அளவுக்குக் கத்தினான். திரும்பும் ரயிலில் என் பையிலிருந்து ஒரு நாவலை எடுத்துப் பிரித்தான். மரணம் என்ற பாத்திரம் பேசும் வரிகள் மட்டும் முழுக்கப் பெரிய எழுத்தில் இருப்பதைக் காட்டி, "தமிழில் இதை எப்படிச் செய்வார்கள்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. நம் எழுத்தில் பெரியது சிறியது கிடையாது.

(சூனியக்காரி வேடத்துக்குக் கூர்த்தொப்பி கொண்டுபோகிறவர்கள் உள்ளே துணியைத் திணித்துத் தனிப் பெட்டியில் வையுங்கள். என்னுடையதன் நுனி மடங்கியது மடங்கியதுதான்.)

மாநாட்டின் கடைசி நாள், அந்தப் பழைய பிரதியின் முதல் பக்கத்தில் எல்லோருமாகக் கையெழுத்திட்டுத் தரலாம் என்று எங்கள் மேசையில் இருந்தவர்கள் அன்போடு சொன்னார்கள். வேண்டாம் என்றேன். அந்தப் பக்கம் பிராட்செட்டுக்கென்று வைத்தது. அடுத்த மார்ச் 12 அன்று அவர் போய்விட்டார். இப்போது அந்தப் பக்கத்துக்குள் மடித்துவைத்திருப்பது 2016 மாநாட்டின் உறுதிக்கடிதம். தம்பி பெயரும் என் பெயரும் அதில் இருக்கின்றன, அச்செடுத்தாயிற்று.