பச்சையாகிப்போன வீட்டு நீச்சல் குளத்தை மீட்டெடுத்த முறை

பம்பு பழுதாகி ஒரு வாரம் ஓடாமல் கிடந்தாலே போதும், வெயில் காலத்தில் வீட்டு நீச்சல் குளம் பாசி பிடித்துவிடும். பார்த்ததும் எல்லோருக்கும் தோன்றுவது, தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டுத் தேய்த்துக் கழுவிவிடலாம் என்பதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்திருக்கும்போது, காலியான தொட்டியை அந்த நீர் அடியிலிருந்து தூக்கும். கான்கிரீட் தரை விரிசல் விடும். ஃபைபர் தொட்டி இடத்தை விட்டே எழும்பிவிடும். பாசி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அந்தத் தண்ணீரை வைத்தே மீட்க முடியும். பெரும்பாலும் நான்கைந்து நாள் ஆகும்.

மருந்தில் கை வைப்பதற்கு முன்பு, குளத்துக்குப் போகும் கதவைப் பூட்டுங்கள். தரை தெரியாத குளத்தில் ஒரு குழந்தை மூழ்கிக் கிடந்தால் கரையில் நிற்பவருக்குத் தெரியாது. தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துவதற்கு அழகைவிட இதுதான் முதல் காரணம்.

அடுத்தது கணக்கு. நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி, 1000 ஆல் பெருக்கினால் எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஆழம் 1 மீட்டரில் தொடங்கி சீராக 1.8 மீட்டர் வரை போகிறது என்றால், சராசரி ஆழம் 1.4. ஆக 44,800 லிட்டர். 45,000 என்று வைத்துக்கொள்ளலாம். 1 பிபிஎம் என்றால் 1000 லிட்டருக்கு 1 கிராம். இந்தக் குளத்தில் குளோரினை 1 பிபிஎம் ஏற்ற 45 கிராம் குளோரின் வேண்டும். 10 சதவீதத் திரவக் குளோரினாக ஊற்றினால் ஏறக்குறைய 450 மில்லி. 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் குருணை என்றால் 70 கிராம். இந்த மூன்று எண்களையும் பம்பு அறைச் சுவரில் எழுதி வைத்துவிட்டால், பிறகு ஒவ்வொரு முறையும் தடுமாற வேண்டியதில்லை. சாதாரண ப்ளீச்சிங் பவுடர் இதற்கு ஏற்றதல்ல. அதில் சுண்ணாம்பு அதிகம். கரையாத கசடு தண்ணீரை இன்னும் கலங்கடிக்கும்.

தண்ணீரைச் சோதிக்க, மஞ்சள் நிறம் காட்டும் பழைய வகை கிட் போதாது. அது மொத்தக் குளோரினை மட்டுமே காட்டும். அதில் எவ்வளவு வேலை செய்யக்கூடிய நிலையில் இருக்கிறது என்று தெரியாது. டிபிடி வகை கிட் வாங்குங்கள். அதிலும் நிறம் மறையும்வரை சொட்டு எண்ணும் வகை இருந்தால் அதுவே சிறந்தது. நிறத்தை ஒப்பிடும் டிபிடியில் ஒரு பொறி இருக்கிறது: குளோரின் மிக அதிகமாக இருந்தால் இளஞ்சிவப்பு வெளுத்துப்போய், குளோரினே இல்லாததுபோல் தெரியும். சந்தேகம் வந்தால் ஒரு பங்கு குளத்து நீரோடு நான்கு பங்கு காய்ச்சி வடித்த நீரைக் கலந்து சோதித்து, வந்த எண்ணை 5 ஆல் பெருக்குங்கள்.

முதலில் பிஎச் அளவை, அதாவது தண்ணீரின் அமில-கார அளவை, 7.2க்குக் கொண்டுவர வேண்டும். குளோரின் 10 பிபிஎம் தாண்டிவிட்டால் பிஎச் சோதனை பொய்யாக உயர்த்திக் காட்டும் என்பதால், இந்த வேலையைப் பிறகு செய்ய முடியாது. இந்த அளவு குளத்துக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு தடவைக்கு 300 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள். பம்பை ஒரு மணி நேரம் ஓட்டி, மறுபடி அளந்து, தேவையானால் மறுபடி ஊற்றுங்கள். வாளியில் நீர்க்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும்; அமிலத்தில் தண்ணீரை விடக் கூடாது. அமிலம் தொட்ட வாளியைக் குளோரினுக்கு எடுக்கவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். டிரைகுளோர் மாத்திரையையும் (ஸ்டெபிலைசர் கலந்த குளோரின் மாத்திரை) கால்சியம் ஹைப்போகுளோரைட்டையும் ஒரே கரண்டியால் அள்ளுவதுகூட ஆபத்து. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

இனி ஸ்டெபிலைசர், அதாவது சயனூரிக் அமிலம். இதைச் சோதிக்காமல் விடுவதால்தான் பலரும் வாரக்கணக்கில் திணறுகிறார்கள். இது குளோரினை வெயிலிலிருந்து காக்கிறது. கூடவே அதன் வேகத்தையும் குறைக்கிறது. பாசியைக் கொல்ல எவ்வளவு குளோரின் வேண்டும் என்பதை இந்த எண்தான் தீர்மானிக்கும். ஸ்டெபிலைசர் அளவில் ஏறக்குறைய 40 சதவீதம் குளோரின் இருக்க வேண்டும் என்பது நாங்கள் கைக்கொள்ளும் கணக்கு. 30 பிபிஎம் இருந்தால் 12, 50 இருந்தால் 20. 80, 100 என்று இருந்தால் குளோரினுக்குச் செலவழிப்பது வீண். குளத்தை ஒரேயடியாகக் காலி செய்யாமல், கால் பங்கு கால் பங்காக இறைத்துப் புது நீர் விட்டு முதலில் அதை இறக்குங்கள். இதைக் குறைக்க நம்பகமான வேறு வழியில்லை.

30 என்று வைத்துக்கொண்டால் நம் குளத்துக்கு 12 பிபிஎம் வேண்டும். திரவக் குளோரினில் 5.4 லிட்டர். மாலையில், பம்பு ஓடும்போது, தண்ணீர் திரும்பி வரும் வாய்க்கு முன்னால் மெதுவாக ஊற்றுங்கள். குருணை என்றால் வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். அப்படியே தூவினால் அடியில் படிந்து லைனரை, அதாவது குளத்தின் உள்விரிப்பை, வெளுக்கச் செய்துவிடும். கேனில் பழைய இருப்பு இருந்தால் கணக்குப்படி ஏறாது. வெப்பத்தில் திரவக் குளோரின் சீக்கிரமே வீரியம் இழக்கும்.

ஒரு தடவை ஊற்றிவிட்டு விட்டுவிட்டால் பயனில்லை. பாசி குளோரினைத் தின்று தீர்க்கும். முதல் நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து 12க்கு ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மறுநாள் காலையில் பூஜ்யம் காட்டினாலும் சோர்ந்துபோகாதீர்கள், அது இயல்புதான். இரண்டாம் நாளிலிருந்து இறங்கும் வேகம் குறையும். தினமும் சுவர், தரை எல்லாவற்றையும் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். ஏணிக்குப் பின்புறம், விளக்குக் கூட்டின் உள்பக்கம், ஸ்கிம்மர் (மேல்மட்டக் குப்பையை இழுக்கும் திறப்பு) வாய் ஆகியவற்றை மறந்தால் பாசி அங்கிருந்தே திரும்பி வரும்.

பச்சை போய்ச் சாம்பல் கலந்த பால் நிறம் வரும்போது பலர் பயந்து தெளிவூக்கி மருந்து வாங்கி ஊற்றுகிறார்கள். தேவையே இல்லை. அது செத்த பாசி. இனி ஃபில்டரின் வேலை. பம்பு 24 மணி நேரமும் ஓடட்டும். மணல் ஃபில்டரில், சுத்தமாக இருக்கும்போது அளவி காட்டிய அழுத்தத்தைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறியதும் பேக்வாஷ் செய்யுங்கள், அதாவது தண்ணீரைத் தலைகீழாக ஓட்டி மணலைக் கழுவுங்கள். வால்வைத் திருப்பும் முன் பம்பைக் கண்டிப்பாக நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கேஸ்கெட் கிழியும். வால்வில் உள்ள பார்வைக் கண்ணாடியில் தண்ணீர் தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று நிமிடம், பிறகு அரை நிமிடம் ரின்ஸ். அழுத்தம் ஏறாமலே அடிக்கடி பேக்வாஷ் செய்வதும் தவறு. லேசாக அழுக்குப் பிடித்த மணல்தான் நுண்ணிய துகளை நன்றாகப் பிடிக்கும். அடியில் படிந்த கசடை வேக்யூம் செய்யும்போது வால்வை வேஸ்ட் நிலையில் (ஃபில்டருக்குப் போகாமல் நேரே வெளியே போகும் நிலை) வைத்து வெளியேற்றுங்கள். நீர்மட்டம் இறங்கும், பார்த்து நிரப்பிக்கொள்ளுங்கள். மூன்று நாளாகியும் பால் நிறம் மாறவில்லை என்றால் ஃபில்டரைத் திறந்து பார்க்க வேண்டும். மணல் கட்டிபட்டு நடுவில் வாய்க்கால் விட்டிருக்கும். குளத்துக்குள்ளேயே மணல் வந்தால் ஃபில்டருக்கு அடியில் உள்ள சல்லடைக் குழாய் உடைந்திருக்கிறது.

தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்தும் பச்சைச் சாயல் மட்டும் போகவில்லையா? அது பாசியல்ல, பெரும்பாலும் செம்பு. செம்பு கலந்த பாசிக்கொல்லியிலிருந்து வந்திருக்கும். குளோரினைக் கூட்டுவதால் அது போகாது.

வேலை முடிந்ததா என்பதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு. தண்ணீர் தெளிந்திருக்க வேண்டும். இணைந்த குளோரின், அதாவது மொத்தக் குளோரினில் வேலை செய்யக்கூடியதைக் கழித்தால் மிஞ்சுவது, 0.5 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது. சூரியன் மறைந்தபின் அளந்த குளோரின், மறுநாள் விடியுமுன் அளக்கும்போது 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்திருக்கக் கூடாது. இரவில் வெயில் இல்லை. அப்படியும் குறைகிறது என்றால் இன்னும் ஏதோ உயிரோடு இருக்கிறது.

அதன்பின் குளோரினை 2 முதல் 4க்கும், பிஎச் அளவை 7.2 முதல் 7.6க்கும், காரத்தன்மையை 80 முதல் 120க்கும் இடையில் வைத்தால் போதும். காரத்தன்மை குறைந்தால், 10 பிபிஎம் ஏற்ற 1000 லிட்டருக்கு 17 கிராம் சமையல் சோடா. மாத்திரையை மட்டுமே நம்பாதீர்கள். டிரைகுளோர் 10 பிபிஎம் குளோரின் தரும்போது 6 பிபிஎம் ஸ்டெபிலைசரையும் சேர்க்கிறது. தினம் 2 பிபிஎம் வீதம் போட்டால் ஒரு மாதத்தில் 36 ஏறிவிடும். மிதவையில் மாத்திரை இருந்தும் குளம் பச்சையானதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம்.

கதவைத் திறப்பதற்கு முன்: கரையில் நின்று ஆழமான பகுதியின் வடிகால் மூடி துல்லியமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். அந்த மூடியில் விரிசலோ கழன்ற திருகோ இருந்தால், மாற்றும்வரை பம்பை ஓட விடாதீர்கள், யாரையும் இறங்க விடாதீர்கள். உறிஞ்சும் விசையில் முடியோ கையோ சிக்கினால் பெரியவராலும் விடுவித்துக்கொள்ள முடியாமல் போகும். பம்பு, விளக்கு இணைப்பில் உள்ள கசிவு மின்தடுப்பானின் சோதனைப் பொத்தானை அழுத்தி, மின்சாரம் உடனே துண்டிக்கப்படுகிறதா என்று பாருங்கள். நான்கு பக்கமும் குறைந்தது 1.2 மீட்டர் உயர வேலி, விட்டதும் தானே மூடித் தாழிட்டுக்கொள்ளும் கதவு. குளித்து முடித்ததும் பந்து, மிதவை பொம்மை எதையும் தண்ணீரில் விட்டு வைக்காதீர்கள், குழந்தைகள் அதை எடுக்கத்தான் தனியாக வருகிறார்கள்.